வட்ட இயக்கம்: உள்நோக்கி இழுப்பது எது?

ஒரு நூலின் முனையில் அழிரப்பரைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். நூலைப் பிடித்திருக்கும் விரல்களில் இழுப்பு தெரியும். வேகம் கூடக் கூட நூல் விரலை அறுப்பது போல் இறுகும். அழிரப்பர் வெளியே ஓடப் பார்க்கிறது, நூல் அதை மடக்கி வைத்திருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். இதில் பாதிதான் சரி. நூல் அழிரப்பரை உள்ளே இழுக்கிறது என்பது உண்மை. ஏதோ ஒன்று அதை வெளியே தள்ளுகிறது என்பது உண்மையல்ல.

சோதித்துப் பார்ப்பது சுலபம். வெளியே தள்ளும் விசை ஒன்று இருந்தால், நூலை விட்ட கணத்தில் அழிரப்பர் கைக்கு நேர் எதிரே, ஆரத்தின் வழியாக வெளியே பாய வேண்டும். அப்படி நடப்பதில்லை. விட்ட கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையில், அதாவது வட்டத்தின் தொடுகோட்டில் போகிறது. மேலிருந்து பார்த்தால் அது நேர்கோடு. கவண் சுற்றுபவருக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். கல் இலக்கைப் பார்த்து நீட்டி நிற்கும்போது அவர் விடுவதில்லை. கயிறு இலக்குக்குக் குறுக்காக இருக்கும்போது விடுகிறார். சாணைக்கல்லிலிருந்து பறக்கும் தீப்பொறியும், ஓடும் சக்கரத்திலிருந்து தெறிக்கும் சேறும் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நேராகப் போகின்றன. மையத்திலிருந்து விரியும் ஆரக்கால்களைப் போலப் போவதில்லை.

ஆகவே ஒரு பொருளுக்கு இயல்பு நேராகப் போவதுதான். வட்டமாகப் போவதற்குத்தான் காரணம் வேண்டும். "இது ஏன் வெளியே ஓடுகிறது?" என்று கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். "இதை உள்ளே இழுப்பது எது?" என்று கேளுங்கள். வட்ட இயக்கக் கணக்குகள் எல்லாமே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன.

வேகம் மாறாமலே முடுக்கம்

கார் மீட்டரின் முள் 40-லேயே நிற்கிறது, வண்டி வளைவில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முடுக்கம் இருக்கிறதா? இருக்கிறது. வேகம் என்பது எவ்வளவு விரைவு என்பதை மட்டும் சொல்கிறது. திசைவேகம் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. இயற்பியலில் முடுக்கம் என்றால் திசைவேகம் மாறும் வீதம். அளவு மாறாமல் திசை மட்டும் திரும்பினாலும் அது முடுக்கம்தான். மாறாத வேகத்தில் சுற்றும் பொருளுக்கு அந்த முடுக்கம் எப்போதும் வட்டத்தின் மையத்தை நோக்கியே இருக்கும்.

அது எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் பள்ளிக் கணக்கில் உள்ள பித்தாகரஸ் தேற்றமே போதும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஒரு கார் நொடிக்கு 10 மீட்டர் போகிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதுவும் இழுக்காவிட்டால் கார் தொடுகோட்டில் 1 மீட்டர் நேராகப் போயிருக்கும். அந்த இடம் மையத்திலிருந்து எவ்வளவு தூரம்? 50-இன் வர்க்கம் 2500, அதோடு 1-இன் வர்க்கம், மொத்தம் 2501. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 50.01. அதாவது வட்டத்திலேயே இருக்க வேண்டுமானால் கார் அந்த 0.1 நொடியில் 0.01 மீட்டர், அதாவது 1 சென்டிமீட்டர், உள்ளே விழுந்திருக்க வேண்டும். ஓய்விலிருந்து விழும் பொருள் கடக்கும் தூரம் முடுக்கத்தில் பாதி பெருக்கல் நேரத்தின் வர்க்கம். இதில் எண்களைப் போட்டால் முடுக்கம் நொடி வர்க்கத்துக்கு 2 மீட்டர் என்று வருகிறது. வேகத்தின் வர்க்கம் 100, ஆரம் 50, வகுத்தால் 2. எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டு இதையே செய்தால் பொது விதி கிடைத்துவிடும்:

மையநோக்கு முடுக்கம் = (வேகம் × வேகம்) ÷ ஆரம்

இதைப் பொருளின் நிறையால் பெருக்கினால் மையநோக்கு விசை. டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இந்த உறவை 1659-இல் கண்டறிந்து, நிரூபணம் இல்லாமல் முடிவுகளை மட்டும் 1673-இல் அச்சில் வெளியிட்டார். அவர் பார்த்த கோணம் வேறு. மையத்தை விட்டு ஓடும் நாட்டம் என்றுதான் அதற்குப் பெயர் வைத்தார். நியூட்டன் அந்தப் பெயரைத் திருப்பிப்போட்டு, மையத்தை நாடும் விசை என்று புதிய சொல்லை உருவாக்கினார். பெயரை மட்டும் மாற்றியதாகத் தெரியும். கேள்வியையே மாற்றிவிட்டார் என்பதுதான் உண்மை.

சுற்று எண்ணிக்கை தெரிந்த இடத்தில் இன்னொரு வடிவம் வசதி. ஒரு நொடியில் எத்தனை ரேடியன் கோணம் திரும்புகிறது என்பது கோணத் திசைவேகம். ஒரு முழுச் சுற்று என்பது 6.28 ரேடியன். நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று இயந்திரத்தில் எழுதியிருந்தால் அந்த எண்ணை 9.55-ஆல் வகுத்தால் போதும். வேகம் என்பது கோணத் திசைவேகம் பெருக்கல் ஆரம் என்பதால்,

மையநோக்கு முடுக்கம் = கோணத் திசைவேகம் × கோணத் திசைவேகம் × ஆரம்

இங்கேதான் பலர் திகைத்து நிற்கிறார்கள். முதல் விதியில் ஆரம் கீழே இருக்கிறது, இரண்டாவதில் மேலே இருக்கிறது. ஆரம் கூடினால் முடுக்கம் குறையுமா, கூடுமா? எதை மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு வளைவுகளிலும் கார் ஒரே வேகத்தில் போனால், பெரிய வளைவில் முடுக்கம் குறைவு. முதல் விதி அதைத்தான் சொல்கிறது. குடைராட்டினத்தில் உள்வரிசைக் குதிரையும் வெளிவரிசைக் குதிரையும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று முடிக்கின்றன. வெளிக்குதிரை அதே நேரத்தில் நீண்ட பாதையைக் கடக்க வேண்டும், அதனால் அதற்கு முடுக்கம் அதிகம். இரண்டாவது விதி அதைச் சொல்கிறது. இரண்டும் முரண்படவில்லை.

அது ஒரு பதவி, ஆள் அல்ல

பாடம் படிப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. நூலில் கட்டிய கல்லுக்கு விசைப்படம் வரையச் சொன்னால் எடை, நூலின் இழுவிசை, கூடவே மையநோக்கு விசை என்று மூன்று அம்புக்குறி போடுகிறார்கள். மூன்றாவது அம்புக்குறி கிடையாது. மையநோக்கு விசை என்பது ஈர்ப்பு, உராய்வு, இழுவிசை போலத் தனியாக ஒரு விசை அல்ல. அது ஒரு பதவி. அந்தப் பதவியில் உட்காருவது இருக்கும் விசைகளில் ஒன்று, அல்லது சில சேர்ந்து. நூலில் சுழலும் கல்லுக்கு இழுவிசை அந்த வேலையைப் பார்க்கிறது. நிலவுக்கு ஈர்ப்பு. வளைவில் திரும்பும் காருக்கு டயரும் சாலையும் உரசும் உராய்வு. முதலில் உண்மையான விசைகளை மட்டும் வரையுங்கள். மையத்தை நோக்கி அவற்றின் நிகர அளவு என்ன என்று கூட்டுங்கள். அதை நிறை × முடுக்கத்துக்குச் சமன் செய்யுங்கள். வரிசை அவ்வளவுதான்.

பதவியில் இருப்பவரால் வேலையைச் செய்ய முடியாமல் போனால்? அங்கேதான் விபத்துகள் நடக்கின்றன. காரையே எடுத்துக்கொள்வோம். உராய்வுக் குணகம் என்பது எடையில் எத்தனை பங்கு வரை உராய்வு இழுக்க முடியும் என்பதைச் சொல்லும் எண். உலர்ந்த சாலையில் டயரின் உராய்வுக் குணகம் 0.8 என்று கொண்டால், உராய்வால் கொடுக்க முடிந்த அதிகபட்ச முடுக்கம் 0.8 × ஈர்ப்பு முடுக்கமான 9.8, அதாவது 7.84. ஆரம் 50 மீட்டர் என்றால் 7.84 × 50 = 392. அதன் வர்க்கமூலம் 19.8, அதாவது நொடிக்கு 19.8 மீட்டர், மணிக்குச் சுமார் 71 கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் வண்டி வட்டத்தை விட்டு விலகி அகலமாக ஓடும். மழை பெய்து குணகம் 0.4 ஆகிவிட்டால் எல்லை மணிக்கு 50 கிலோமீட்டர். உராய்வு பாதியானாலும் வேகம் பாதியாகவில்லை, வர்க்கமூலத்தில்தான் குறைகிறது. ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள்: வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் தேவை வர்க்கத்தில் ஏறுகிறது. 50-இல் போனவர் 60-இல் போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடியது, தேவைப்படும் உராய்வு 44 சதவீதம் கூடிவிட்டது.

இந்தக் கணக்கில் வண்டியின் நிறை வரவே இல்லை. கனமான வண்டிக்கு அதிக விசை வேண்டும், அதன் எடை தரும் உராய்வும் அதே விகிதத்தில் அதிகம், இரண்டும் அடிபட்டுப்போகின்றன. அப்படியானால் உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி ஏன் கவிழ்கிறது? அதற்கு வேறு எல்லை. உராய்வு தரைமட்டத்தில் உள்ளே இழுக்கிறது, ஈர்ப்பு மையமோ (மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) மேலே நேராகப் போகப் பார்க்கிறது. இரு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே 2 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரமும் 2 மீட்டர் என்றால், முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தில் பாதியைத் தொட்டதுமே உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். அதே 50 மீட்டர் வளைவில் அது மணிக்கு 56 கிலோமீட்டர். உலர்ந்த சாலையில் வழுக்கும் எல்லைக்கு வெகுமுன்பே கவிழும் எல்லை வந்துவிடுகிறது.

வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் அடிக்காதே என்று ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்வதற்கும் காரணம் இதுவே. உராய்வு ஒன்றுதான், அதையே திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் பங்கிட வேண்டும். டயரால் 8 முடியும், திரும்ப 6 போகிறது என்றால் பிரேக்குக்கு மிஞ்சுவது 2 அல்ல. இரண்டு திசைகளும் செங்குத்து என்பதால் பித்தாகரஸ் கணக்கில் 5.3 மிஞ்சும். திரும்பவே முழு 8-ம் தேவைப்பட்டால் மிஞ்சுவது பூஜ்யம். அப்போது லேசாக பிரேக்கைத் தொட்டாலும் டயர் பிடியை விட்டுவிடும்.

நெடுஞ்சாலை வளைவுகளில் வெளிவிளிம்பை உயர்த்திக் கட்டுவது உராய்வின் சுமையைக் குறைக்கத்தான். சாலை உட்பக்கம் சாய்ந்திருந்தால், அது வண்டியைத் தாங்க, தன் பரப்புக்குச் செங்குத்தாகக் கொடுக்கும் எதிர்விசையும் உட்பக்கம் சாய்கிறது. அதில் ஒரு பகுதி மையத்தை நோக்கி இழுக்கும் வேலையைச் செய்கிறது. மிதிவண்டி ஓட்டுபவர் உடலைச் சாய்ப்பதும் இதே கோணக் கணக்குதான்.

துணி துவைக்கும் இயந்திரம்

25 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளை நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால், துணிக்குக் கிடைக்கும் முடுக்கம் ஈர்ப்பைப் போல் 100 மடங்கு. 1200 சுற்றானால் 200 மடங்கு அல்ல, 400 மடங்கு. துணியை உள்நோக்கித் தள்ளுவது உருளையின் சுவர். துளை இருக்கும் இடத்தில் சுவர் இல்லை, ஆகவே அங்கே நிற்கும் நீரை உள்ளே தள்ள எதுவும் இல்லை. துணியின் இழைகள் ஓரளவு பிடித்துவைக்கும். அந்தப் பிடி போதாத நீர் துளை வழியே தன் போக்கில் நேராகப் போய்விடுகிறது. நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது என்று சொல்வதைவிட, நீரைத் திருப்புவதற்கு ஆள் இல்லை என்று சொல்வது சரி.

இதே கணக்கு, இயந்திரம் ஏன் கிடுகிடுவென்று ஆடுகிறது என்பதையும் சொல்லும். ஈரப் போர்வை ஒரு பக்கமாகக் குவிந்து, அந்தப் பக்கம் அரை கிலோ கூடுதலாக இருக்கிறது என்று கொள்வோம். 1200 சுற்றில் அந்த அரை கிலோவைத் திருப்ப ஏறக்குறைய 2000 நியூட்டன் வேண்டும், அதாவது 200 கிலோ எடையைத் தூக்கும் அளவு. அந்த விசையின் திசையும் நொடிக்கு 20 முறை சுற்றி வருகிறது. தாங்கு உருளைகளும் ஸ்பிரிங்குகளும் அதைத்தான் வாங்கிக்கொள்கின்றன. ஒரே ஒரு கனமான துணியைப் போடாமல் சில சிறிய துணிகளையும் சேர்த்துப் போட்டால் பாரம் சுற்றிலும் பரவும்.

தலைகீழ் வாளி

வாளித் தண்ணீரைச் செங்குத்து வட்டத்தில் சுழற்றினால் உச்சியில் ஏன் கொட்டுவதில்லை? ஈர்ப்பை ஏதோ ஒரு வெளிவிசை சமன் செய்கிறது என்ற விடை காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. அது தவறு. உச்சியிலும் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே மையம் கீழே இருக்கிறது. வட்டத்தில் திரும்ப எந்தத் திசையில் இழுப்பு வேண்டுமோ, ஈர்ப்பு சரியாக அந்தத் திசையில் இழுக்கிறது. கை நீளமும் வாளியும் சேர்ந்து 1 மீட்டர் ஆரம் என்றால், 2 நொடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் தேவையான முடுக்கம் 9.87. ஈர்ப்பு தருவது 9.8. கிட்டத்தட்ட முழு வேலையையும் ஈர்ப்பே பார்த்துவிடுகிறது. இன்னும் விரைவாக, 1.5 நொடிக்கு ஒரு சுற்று என்றால் தேவை 17.5. மீதி 7.7-ஐ வாளியின் அடித்தளம் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்திக் கொடுக்கிறது, அதனால் தண்ணீர் அடித்தளத்தோடு ஒட்டியே இருக்கும். 2.5 நொடிக்கு ஒரு சுற்று என்றால் தேவை 6.3 மட்டும். ஈர்ப்பு அதைவிட அதிகமாக இழுக்கிறது, தண்ணீர் வட்டத்தைவிடக் கூர்மையாக வளைந்து வாளியை விட்டுப் பிரிந்து தலையில் கொட்டும்.

செய்து பார்ப்பவர்கள் நனைவது பெரும்பாலும் உச்சியில் பயந்து கையைத் தளர்த்துவதால்தான். கைப்பிடி அறுவதோ அடியில். 3 கிலோ வாளியை 1.5 நொடிச் சுற்றில் சீராகச் சுழற்றினால் உச்சியில் கைக்கு வரும் இழுப்பு 23 நியூட்டன், அடியில் 82 நியூட்டன். அடியில் கை எடையையும் தாங்கி, மேல்நோக்கித் திருப்பவும் வேண்டும்.

காருக்குள் இருப்பவருக்கு

கார் இடப்பக்கம் திரும்பும்போது உள்ளே இருப்பவர் வலப்பக்கக் கதவில் சாய்கிறார். யாரோ தள்ளிய மாதிரி இருக்கிறது. சாலையோரம் நிற்பவர் பார்த்தால், பயணி நேராகப் போகிறார், கதவு அவர் பக்கம் வந்து மோதி அவரையும் திருப்புகிறது. திரும்பும் காரையே அசையாத இடமாக வைத்துக் கணக்குப் போட விரும்பினால், மையவிலக்கு விசை என்ற போலி விசையைச் சேர்த்துக்கொள்ளலாம். பொறியாளர்கள் தினமும் அப்படிச் செய்கிறார்கள், விடை சரியாகவே வரும். ஒரே படத்தில் வெளியிலிருந்து பாதியும் உள்ளேயிருந்து பாதியும் பார்ப்பதுதான் கூடாது. எங்கே நின்று பார்க்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும்.

நிலவும் இதே விதிக்கு உட்பட்டதுதான். தூரம் 3,84,000 கிலோமீட்டர், சுற்ற 27.3 நாள். இரண்டாவது விதியில் போட்டால் முடுக்கம் 0.0027 என்று வரும். நிலவு பூமியின் ஆரத்தைப் போல் 60 மடங்கு தள்ளி இருக்கிறது. 9.8-ஐ 60-இன் வர்க்கமான 3600-ஆல் வகுத்தாலும் அதே 0.0027. மரத்திலிருந்து கனியை இழுப்பதும் நிலவை இழுப்பதும் ஒன்றேதான், தூரத்தின் வர்க்கத்தில் அது குறைகிறது என்று நியூட்டன் வாதிட இந்தப் பொருத்தம்தான் வலுவான ஆதாரம். ஒவ்வொரு நொடியும் நிலவு தன் நேர்ப்பாதையிலிருந்து பூமியை நோக்கி 1.4 மில்லிமீட்டர் விழுகிறது. வட்டத்தை உண்டாக்க அவ்வளவு போதும்.

வீட்டிலேயே அளந்து பார்க்க

வேண்டியவை: மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவின் வெளிக்குழாய், ஒன்றரை மீட்டர் நைலான் நூல், 20 கிராம் அழிரப்பர், மொத்தம் 100 கிராம் வரும் வாஷர்கள், ஒரு காகித கிளிப். நூலைக் குழாய்க்குள் விட்டு மேல்முனையில் அழிரப்பரையும் கீழ்முனையில் வாஷர்களையும் கட்டுங்கள். குழாயின் மேல்வாயிலிருந்து அழிரப்பரின் நடுவரை 50 சென்டிமீட்டர் நூல் இருக்கும்படி வைத்து, அந்த நிலையில் குழாயின் கீழ்வாய்க்கு ஒரு விரற்கடை கீழே நூலில் கிளிப்பை மாட்டுங்கள். குழாயைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றுங்கள். கிளிப் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் வேகத்தில், வாஷர்களின் எடைதான் அழிரப்பரை உள்ளே இழுக்கிறது. கல்லைக் கட்ட வேண்டாம், அறுந்தால் ஆபத்து. பக்கத்தில் ஆள் நிற்காமல், கண்ணாடி அணிந்து செய்யுங்கள்.

கணக்குப்படி 20 சுற்றுக்கு 12.7 நொடி ஆக வேண்டும். வாஷர்களை 200 கிராமாக்கினால் 9 நொடி. 100 கிராமிலேயே நூலை 1 மீட்டராக்கினால் 18 நொடி. (நீள நூலுக்கு மொத்த நூலையும் கூட்டிக்கொள்ளுங்கள்.)

நூல் கிடைமட்டமாக நிற்காமல் கொஞ்சம் தொய்ந்து சுழலும். 100 கிராம் வாஷருக்குச் சுமார் 11.5 பாகை தொய்வு. அதற்காக ஆரத்தைத் திருத்த வேண்டுமோ என்று தோன்றும். வேண்டாம். தொய்வால் உண்மையான ஆரம் குறைகிறது, மையத்தை நோக்கிய இழுப்பும் அதே விகிதத்தில் குறைகிறது, இரண்டும் அடிபட்டுப்போகின்றன. ஆரத்தின் இடத்தில் நூலின் சாய்வு நீளத்தையே போடலாம்.

விடை பிசகினால் முதலில் எண்ணிய விதத்தைப் பாருங்கள். கடிகாரத்தைத் தொடங்கும்போது "ஒன்று" என்று எண்ண ஆரம்பித்தால் 19 சுற்றைத்தான் அளந்திருப்பீர்கள். "பூஜ்யம்" என்று தொடங்க வேண்டும். அடுத்து, குழாய் பிடித்த கை பெரிய வட்டம் போடுகிறதா என்று பாருங்கள், மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும். மூன்றாவது, குழாயின் விளிம்பில் நூல் உரசுவது. உராய்வு இருந்தால் கிளிப் ஒரே ஒரு வேகத்தில் நிற்காது, வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அசையாமல் நிற்பது போலவே இருக்கும். விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். பிறகு கிளிப் ஏறத் தொடங்கும் வேகத்தில் ஒருமுறை, இறங்கத் தொடங்கும் வேகத்தில் ஒருமுறை 20 சுற்றை அளந்து சராசரி எடுங்கள். அந்தச் சராசரி 12.7-க்கு அருகில் வந்து நிற்கும்.